வரவுப் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் பிரிவில் துணை மேலாளர் பதவி காலியானது. மேலாளர் என்னை அழைத்து, "விண்ணப்பிக்கிறீர்களா?" என்று கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன் சார்" என்றேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர், என்னைவிட ஆறு வயது இளையவர், விண்ணப்பித்தார். பதவி அவருக்குப் போய்விட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வரிப் படிவத்தில் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். உடனே திருத்திவிட்டோம், நிறுவனத்துக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அன்று எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு படிவத்தையும் மூன்று முறை சரிபார்க்கிறேன். (மாதக் கணக்கு முடிப்பதை 9 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.) மீட்டிங்கில் வாய் திறந்தால் தொண்டை அடைக்கிறது. நான் சொன்னதையே சற்று நேரம் கழித்து வேறொருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆறு மாதத்தில் இன்னொரு பதவி வரும் என்கிறார்கள். அதற்குள் தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வருத்தமாக இருந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது, உங்கள்மேல் அல்ல. மூன்றாம் முறை பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த, யாருக்கும் இழப்பில்லாத ஒரு தவறுக்கு நான்கு வாக்கியங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்பது நாள் வேலையை நான்கு நாளில் முடிய வைத்ததற்கு ஒரே வாக்கியம். அதையும் அடைப்புக்குறிக்குள் ஒளித்து, "எனக்கும் பங்கு உண்டு" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் கணக்குத் தெரிந்தவர். செலவை மட்டும் பதிந்து வரவைப் பதியாத ஒரு பேரேட்டை யாராவது உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வீர்கள்? அதைப் பார்த்து நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்று முடிவுகட்ட மாட்டீர்கள். பதிவு முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்புவீர்கள். உங்களைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கை நானும் அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

பணியிட ஆலோசனைக்காக என்னிடம் வரும் பெண்களில் பலரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது? அந்தக் கேள்விக்குள் ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. முதலில் நம்பிக்கை வரவேண்டும், வந்த பிறகு விண்ணப்பிக்கலாம், பேசலாம், கேட்கலாம் என்ற வரிசை. நடைமுறையில் அது தலைகீழாகத்தான் நடக்கிறது. 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லும் ஊக்கச் சொல், நம் உடம்பும் மனமும் அந்த நேரத்தில் காட்டும் அறிகுறிகளை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் மிகவும் வலுவானது முதலாவது, செய்து முடித்த அனுபவம்.

அப்படியானால் 11 ஆண்டுகள் செய்து முடித்த உங்களுக்கு நம்பிக்கை பொங்கி வழிய வேண்டுமே, ஏன் இல்லை? செய்தது அனுபவமாக உள்ளே போய்ச் சேரவில்லை என்பதுதான் காரணம். மாதக் கணக்கு சரியாக முடிந்தால் 'அது என் கடமை'. பாராட்டு வந்தால் 'அவர் நல்ல மனுஷர், அதனால் சொல்கிறார்'. தவறு நேர்ந்தால் மட்டும் 'இதுதான் நான்'. சாதித்த பெண்களிடம் இந்தப் போக்கைக் கண்ட பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். பட்டமும் பதவியும் பெற்ற பிறகும் 'நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் பிடிபடுவேன்' என்று நினைத்த பெண்களை அவர்கள் சந்தித்தார்கள். அது நோய் அல்ல. உங்களுக்கும் நோய் எதுவும் இல்லை.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் அடைப்புக்குறியை அப்படியே படம்பிடிக்கிறது. கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற பொருளியலாளர்கள் 2022-இல் வெளியிட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தேர்வு வைத்தார்கள். விடை எழுதுவதில் பெண்கள் பின்தங்கவில்லை. பிறகு, 'இந்தத் தேர்வை நான் நன்றாகச் செய்தேன்' என்ற வாக்கியத்தை 100-க்கு எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆண்கள் சராசரியாக 61 என்றார்கள், பெண்கள் 46. எத்தனை விடை சரி என்று தெரிவித்த பிறகு கேட்டபோதும் அந்த இடைவெளி மறையவில்லை. தன் திறமையை அறிவது ஒன்று, அதை வாயால் சொல்வது வேறொன்று. ஒன்பது நான்கானது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லும் இடத்தில்தான் உங்கள் குரல் அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறது.

இந்தத் தயக்கத்தை வெறும் கூச்சம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 'நிறைகுடம் தளும்பாது' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெண் தன்னைப் பற்றிப் பேசினால் 'தலைக்கனம்' என்ற சொல் எவ்வளவு விரைவாக வந்து விழும் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உளவியலாளர் லாரி ரட்மன் 1998-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தன் திறமையைத் தானே எடுத்துச் சொன்ன பெண்ணைத் திறமைசாலி என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவளை அவர்களுக்குப் பிடிக்காமல் போனது. ஆகவே உங்கள் தொண்டை அடைப்பதில் ஓர் அறிவு இருக்கிறது. அந்த அறையின் நிலவரத்தை அது சரியாகவே படித்திருக்கிறது. 'பயப்படாதே, துணிந்து பேசு' என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த விலையைப் பற்றிப் பேசுவதில்லை. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் பேசாமலிருப்பதற்கும் விலை உண்டு. போன மாதம் அதைக் கொடுத்துவிட்டீர்கள்.

முதல் வேலையாக, ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், உங்களுடையதாக இருக்கட்டும். வாரத்தின் கடைசி வேலைநாளில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, அதை யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். 'கடுமையாக உழைத்தேன்' என்பது பதிவு ஆகாது. 'மூன்று கிளைகளின் ரசீதுகள் தாமதமாக வந்ததால் மாதக் கணக்கு 9 நாள் இழுத்தது. ரசீது அனுப்பக் கடைசித் தேதியை முன்னால் நகர்த்தி, ஒரே படிவத்தில் வரும்படி செய்தேன். இப்போது 4 நாள்.' இது பதிவு. (மூன்று கிளை என்பது என் ஊகம், உங்கள் காரணம் வேறாக இருக்கலாம்.) முதல் நாள் உட்காரும்போது 11 ஆண்டுகளையும் பின்னோக்கிப் பாருங்கள். பழைய மின்னஞ்சல்களைத் தேடுங்கள், தணிக்கைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். அந்த வரிப் படிவத் தவறையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் அதன் முழு வரலாற்றையும் எழுதுங்கள்: தவறு நடந்தது, திருத்தினோம், இழப்பில்லை, அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் எத்தனை படிவங்கள் பிழையின்றிப் போயின என்ற எண்ணிக்கையோடு. அந்த எண் உங்களையே திகைக்க வைக்கும் என்று நினைக்கிறேன்.

எழுதும்போது 'நாங்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அறிக்கையைத் தனியாக இரவும் பகலும் உட்கார்ந்து எழுதினேன். கூட்டத்தில் கேட்டபோது, "நாங்கள் எல்லோரும் சேர்ந்து தயாரித்தோம்" என்றேன். அடக்கம் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆண்டிறுதி மதிப்பீட்டில் அந்த அறிக்கை என் பெயரில் இல்லை. அன்று நான் அழுத காரணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது: என் பெயரை அழித்தது நானேதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்த வேலையில் யார் என்ன செய்தார் என்பது தெளிவாகத் தெரியாதபோது, பெண்ணின் பங்கைப் பிறர் குறைத்தே மதிக்கிறார்கள் என்று மேடலின் ஹைல்மன், மிஷல் ஹேன்ஸ் ஆகியோரின் 2005-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குழுவின் உழைப்பை மனதாரச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் பங்கு எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். "குழுவில் ஐந்து பேர் இருந்தோம், முறையை மாற்றும் திட்டத்தை வகுத்தது நான்." இதில் தலைக்கனம் எங்கே இருக்கிறது? இது தகவல்.

தனக்காகக் கேட்க நாக்கு எழாத பெண்கள், தன் குழுவுக்காகக் கேட்கச் சொன்னால் வாதாடி வாங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். எமிலி அமனத்துல்லா, மைக்கேல் மோரிஸ் இருவரும் 2010-இல் இதைச் சோதனையாகவே நடத்தினார்கள். சம்பளம் பற்றிப் பேசும்போது தனக்காகப் பேசிய பெண்கள் குறைத்துக் கேட்டார்கள். பிறருக்காகப் பேசியபோது ஆண்களுக்கு இணையாகக் கேட்டார்கள். ஆக, கேட்கும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த முறை உங்களுக்காகப் பேசும் முன், உங்களோடு வேலை செய்யும் ஒரு தோழிக்காக நீங்கள் பரிந்து பேசுவதாக நினைத்து, "இவர் இன்னின்னதைச் செய்திருக்கிறார்" என்று எழுதிப் பாருங்கள். பிறகு 'இவர்' என்ற இடத்தில் 'நான்' என்று மாற்றுங்கள்.

இனி, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் பிரிவில் கூட்டக் குறிப்பு எழுதுவது யார்? பிரிவு உபசார விழாவுக்குப் பணம் திரட்டுவது யார்? புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது யார்? கடைசிக் கேள்விக்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மற்றவற்றுக்கும் விடை நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். யாராவது செய்தே ஆகவேண்டிய, ஆனால் பதவி உயர்வுக் கணக்கில் ஏறாத வேலைகள் இவை. லிண்டா பாப்காக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் இத்தகைய வேலைக்குப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். குழுவில் ஆண்கள் மட்டும் இருந்தபோது அவர்களும் தாராளமாக முன்வந்தார்கள்! இது பெண்ணின் பிறவிக் குணம் அல்ல, 'அவள் செய்துவிடுவாள்' என்று எல்லோரும் காத்திருப்பதன் விளைவு. உதவி கேட்கும் பொறுப்பைத் தலைமைக்குக் கொடுத்தபோது, ஆண்களைவிடப் பெண்களிடம் 44 விழுக்காடு அதிகமாகக் கேட்டார்கள். கேட்டவர் ஆணா பெண்ணா என்பதில் வேறுபாடு இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறச் சொல்லவில்லை. அடுத்த முறை கேட்கும்போது உடனே தலையாட்டாமல், "போன மூன்று முறை நான் எழுதினேன், இனி மாதம் ஒருவராக மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை மட்டும் விடாதீர்கள். அது மேலாளருக்கு வேண்டிய முதல் திறமை. ஆனால் அதை நோட்டில் ஏற்றுங்கள், ஆட்களின் எண்ணிக்கையோடு. உங்களிடம் கற்றவர் துணை மேலாளராகிவிட்டார் என்பதைவிட உங்கள் பயிற்றுவிக்கும் திறனுக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

அவரைப் பற்றியும் ஒரு சொல். நாள்தோறும் அவர் முகத்தைப் பார்ப்பது உங்களுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை உணர முடிகிறது. பொறாமை வந்தால் அதற்காக வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒதுங்கிப் போகாதீர்கள். உங்கள் வேலையின் ஆழத்தை அந்த அலுவலகத்தில் நேரில் அறிந்தவர் அவர்தான், இப்போது அவர் மேலிடக் கூட்டங்களில் உட்காருகிறார். "அடுத்த பதவிக்கு நான் விண்ணப்பிக்கப் போகிறேன், என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வீர்களா?" என்று அவரிடம் கேட்கலாம். இதைவிடக் கடினமான கேள்வி உங்களுக்கு இப்போது வேறு இருக்காது. கேட்டுவிட்டால், மற்றவை எளிதாகிவிடும்.

மீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதை இன்னொருவர் சொன்னதும் தலையாட்டுகிறார்கள் என்றால், கருத்து நல்ல கருத்துதான். எந்தக் குரலில் வந்தது என்பதே சிக்கல். கூட்டத்துக்கு முன் சொல்ல வேண்டியதை இரண்டே வாக்கியமாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் தொடங்கி முதல் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கத் தொண்டை இறுகும். "தவறாக இருந்தால் மன்னியுங்கள்", "இது சரியா என்று தெரியவில்லை" போன்ற முன்னுரைகளை வெட்டிவிடுங்கள், அவை உங்கள் கருத்தின் விலையை நீங்களே பாதியாக்குகின்றன. யாராவது அதைத் திரும்பச் சொன்னால், "நான் முன்பு சொன்னதை நீங்களும் ஆதரிப்பதில் மகிழ்ச்சி. அடுத்து அதை எப்படிச் செய்யலாம் என்றால்..." என்று பேச்சை உங்கள் கைக்கு வாங்குங்கள். நம்பிக்கையான ஒரு சக ஊழியரோடு முன்கூட்டியே பேசி, ஒருவர் கருத்தை மற்றவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கூட்டம் முடிந்ததும் கருத்தைச் சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் தேதி இருக்கும்.

மேலாளரைச் சந்திக்க இப்போதே நேரம் கேளுங்கள், ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அவர் தானாகவே உங்களை அழைத்துக் கேட்டவர் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களை அந்த நாற்காலியில் பார்த்த முதல் ஆள் அவர். "போன முறை பதில் சொல்லத் தாமதித்துவிட்டேன் சார். அடுத்த பதவிக்கு நான் விண்ணப்பிக்கிறேன். அதற்குள் என்னிடம் நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?" இவ்வளவு போதும். அவர் "இன்னும் கொஞ்சம் தலைமைப் பண்பு வேண்டும்" என்பது போல ஏதாவது சொல்லலாம். அங்கே எழுந்து வந்துவிடாதீர்கள். பெண்களுக்குக் கிடைக்கும் மதிப்பீட்டுக் கருத்துகள் ஆண்களுக்குக் கிடைப்பவற்றைவிடப் பொதுப்படையாகவும், வேலையின் விளைவோடு ஒட்டாமலும் இருப்பதை ஷெல்லி கொரெல், கேரொலைன் சிமார்ட் இருவரும் 2016-இல் சுட்டிக்காட்டினார்கள். புகை மாதிரியான அறிவுரையைப் பிடித்து ஏற முடியாது. "தலைமைப் பண்பு என்றால் எந்த வேலையில், எதைச் செய்து காட்ட வேண்டும்? இந்த ஆண்டுத் தணிக்கையை நான் முன்னின்று நடத்தினால் போதுமா?" என்று கேளுங்கள். கிடைத்த விடையை அன்றே மின்னஞ்சலில் அவருக்கு எழுதி, நன்றியும் சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கதவு திறக்கவில்லை என்றால்? திறக்காமல் போகலாம், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். பெண்ணின் நம்பிக்கையைப் பற்றியே பேசிப் பேசி, நிறுவனம் செய்ய வேண்டியதை யாரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். நேர்மையற்ற இடத்தை உங்கள் தன்னம்பிக்கையால் நேராக்க முடியாது. சொன்னதைச் செய்து காட்டி, எழுத்திலும் வைத்து, அதன் பிறகும் இரண்டு முறை காரணமின்றி மறுத்தால், அதே நோட்டை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள். உங்கள் தகுதிச் சுருக்கத்தில் பாதி அதில் எழுதியே இருக்கும். தொண்டை அடைப்பு அலுவலகத்தோடு நிற்காமல் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால், அல்லது காலையில் வேலைக்குக் கிளம்பவே உடம்பு நடுங்கினால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். நோட்டு அதற்கு மருந்தல்ல.

நேர்காணல் நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போதே அதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று உங்கள் எழுத்து சொல்கிறது. அன்று நெஞ்சு படபடக்கும். பண்டூரா சொன்ன நான்காவது ஊற்று இதுதான்: படபடப்பை 'எனக்குத் தகுதியில்லை' என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டால் அது நம்மை மூழ்கடிக்கும். அமைதியாகு, அமைதியாகு என்று மனத்தை அதட்டுவதும் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் செய்த சோதனைகளில், மேடையில் பேசப் போகும் முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். உடம்பு அதேபோலத்தான் துடிக்கிறது. நாம் அதற்கு வைக்கும் பெயர்தான் மாறுகிறது. செய்து பார்க்கச் செலவு எதுவும் இல்லை.

மேலாளரைச் சந்தித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ஒன்பது நாள் நான்கான கதையை முழுதாகச் சொல்லுங்கள், அடைப்புக்குறி இல்லாமல்.